நாளைக்கு எந்தச் சட்டை?

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் என் கைப்பேசி அதிர்ந்தால் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "சட்டையா?" என்பாள். ஆமாம், சட்டைதான். எங்கள் நடுவர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள்: நாளைக்கு எந்தச் சட்டை? பழைய சாம்பலா, புதுச் சாம்பலா? ஒருவர் "பழசு" என்று போடுவார். இன்னொருவர், தன் பழசு இன்னும் கொடியில் ஈரமாகக் கிடக்கிறது என்பார். மூன்றாமவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போவார். அந்தக் கட்டைவிரல் எதற்குச் சம்மதம் என்பது மறுநாள் மண்டபத்துக்குப் போனால்தான் தெரியும்.

பினாங்கில் பதினைந்து வருடமாகக் கூடைப்பந்து நடுவராக விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன். தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்கள் இல்லை. பள்ளிகள், சங்கங்கள், ஆலைகளுக்கு இடையே நடக்கும் போட்டிகள். வாரத்தில் ஐந்து நாள் பாயான் லெப்பாசில் வேலை. 1972ல் அங்கே தொழிற்பேட்டை வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் பல வீடுகளுக்கு அதுதான் சோறு போடுகிறது. ஆலையின் சுத்த அறைக்குள் நுழைந்தால் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். யார் மேலாளர், யார் நேற்றுச் சேர்ந்த பையன் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த உடுப்பைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. நடுவர் உடுப்பு என்று வந்துவிட்டால் மட்டும் ஆளுக்கொரு சட்டம் பேசுவார்கள்.

உண்மையான சட்டம் ரொம்பச் சின்னது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது: நடுவர் சட்டை, நீளக் கறுப்புச் சிலுவார் (கால்சட்டை), கறுப்புக் காலுறை, கறுப்புக் கூடைப்பந்துச் சப்பாத்து (காலணி). எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தியிருக்க வேண்டும் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். சிலுவாரின் முன்பக்கம் மடிப்பு இருக்கலாமா, பெல்ட் போட வேண்டுமா, சட்டைக்குள் போடும் பனியன் என்ன நிறம், அடிப்பாகம் மட்டும் வெள்ளையாக இருக்கும் சப்பாத்து கறுப்புச் சப்பாத்தா இல்லையா என்றெல்லாம் அந்த வரியைத் துருவினால் ஒன்றும் கிடைக்காது. எங்கள் சண்டைகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

ஆட்டக்காரர்களுக்கு மட்டும் விதி நுணுக்கி நுணுக்கி எழுதப்பட்டிருக்கிறது. ஒரு அணியில் கையிலும் காலிலும் மாட்டும் இறுக்க உறை, தலைப்பட்டை, மணிக்கட்டுப் பட்டை, ஒட்டியிருக்கும் டேப் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே நிறம். சட்டைக்குள்ளே டீ-சட்டை கூடாது. இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்வது எங்கள் வேலை. ஒருமுறை ஒரு பள்ளி ஆட்டத்தில், அணி முழுக்கக் கறுப்புப் பட்டை போட்டிருக்க, ஒரு பையன் மட்டும் வெள்ளைப் பட்டையோடு வந்தான். கழற்றச் சொன்னேன். கழற்றினான். பிறகு எங்கள் மூன்று பேரையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். என் சட்டையில் விலாப்பக்கம் கறுப்புப் பட்டை. பக்கத்தில் நின்றவர் சட்டையில் அது இல்லை. மூன்றாமவர் சட்டை துவைத்துத் துவைத்துச் சாம்பல் போய் வெள்ளைக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பட்டையை மடித்துத் தன் பயிற்சியாளர் கையில் கொடுத்தபோது, சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே, அதற்கு என்ன அபராதம் போடுவது?

அன்றிலிருந்துதான் எங்கள் குழுவில் வெள்ளிக்கிழமைக் கேள்வி ஆரம்பித்தது.

எனக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனப் பெரியவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சிஃபூ, அதாவது குரு, என்றுதான் கூப்பிடுவேன். விதிப்புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவர் சொல்லித் தந்த முதல் பாடம் இது: "ஆனே, சட்டை நுனியைச் சிலுவாருக்குள் செருகாதே. ஜட்டிக்குள் செருகு." கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஃபவுல் ஊதும்போது விரல்களை முஷ்டியாக மடக்கிக் கையை நேராக மேலே தூக்க வேண்டும். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் சட்டை இரண்டு அங்குலம் மேலேறும். ஓர் ஆட்டத்தில் முப்பது நாற்பது தடவை கை மேலே போகும். இரண்டாம் பாதியில் தொப்புள் தெரிய நிற்கும் நடுவர் சொல்லும் தீர்ப்பை யார் மதிப்பார்கள்? சிலர் சட்டையிலிருந்து காலுறைவரை நீளும் எலாஸ்டிக் வாரைத் தொடையோடு மாட்டிக்கொள்கிறார்கள். நானும் வாங்கிப் பார்த்தேன். ஓடும்போது கொக்கி கழன்று தொடையில் சுளீர் என்று அடித்தது. விசில் வாயிலேயே இருந்ததால் எந்தக் காரணமும் இல்லாமல் ஆட்டம் நின்றது. ஜட்டி முறைக்கே திரும்பிவிட்டேன்.

சாம்பல் நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்கள் பினாங்கில் மத்தியானம் மூன்று மணிக்குத் தகரக் கூரை போட்ட மண்டபத்தில் நின்றவர்கள் இல்லை. கறுப்பில் வேர்வை தெரியாது, வெள்ளையில் அவ்வளவாகத் தெரியாது. சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு பொட்டு. முதல் கால்பகுதிப் பத்து நிமிடம் முடிவதற்குள் முதுகில் தீவு ஒன்று உருவாகும். பாதி நேரத்தில் அந்தத் தீவு விரிந்து கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டர்வொர்த் கரையைத் தொட்டுவிடும். அதற்காகத்தான் உள்ளே பனியன். எங்கள் பெரிய பிளவும் அங்கேதான். வெள்ளைப் பனியன் கழுத்து வெட்டில் எட்டிப் பார்த்து அசிங்கமாக இருக்கும் என்பது ஒரு கட்சி. கறுப்புப் பனியன் அனலை இழுத்து வைக்கும் என்பது இன்னொரு கட்சி. பனியனே வேண்டாம் என்று ஒரு இளைஞர் கூட்டம். அவர்கள் வயிறும் அதற்கு ஏற்றபடி இருக்கிறது. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நான் கறுப்புப் பனியன் கட்சி.

வீட்டிலும் இந்தச் சட்டைக்குச் சோதனை வந்திருக்கிறது. ஆயர் ஈத்தாம் சாலையில் டோபி காட் என்று ஓர் இடம் உண்டு. நம்மாட்கள் வண்ணாந்துறை என்று சொன்ன இடம். அப்பா காலத்தில் வேலைச் சட்டைகள் அங்கே போய்க் கஞ்சி முடமுடப்போடு வீடு வரும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த அம்மா, என் முதல் நடுவர் சட்டைக்கும் கஞ்சி போட்டுவிட்டார். மைதானத்தில் கையைத் தூக்கினேன். சட்டை என்னோடு வரவில்லை. அது தனியாக நின்றது. திரும்பும்போதெல்லாம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். "உன் அம்மா என்ன, உன்னைக் கல்யாணத்துக்கு அனுப்பினாங்களா?" என்றார் சிஃபூ.

புதிதாக வரும் பையன்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, நாம ஏன் வரிச்சட்டை போடறதில்ல?" அவர்கள் கைப்பேசியில் பார்ப்பதெல்லாம் அமெரிக்கப் பள்ளி, கல்லூரி ஆட்டங்கள். அங்கே கறுப்பு வெள்ளை வரிதான். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏ என்றால் சாம்பல், முதுகில் எண். அந்த வரிச்சட்டைக்குப் பின்னால் இருப்பதும் ஒரு சட்டைக் குழப்பம்தான். 1920களின் தொடக்கத்தில் மிச்சிகனைச் சேர்ந்த லாயிட் ஓல்ட்ஸ் என்ற நடுவர், அன்றைய வழக்கப்படி வெள்ளைச் சட்டையில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஓர் அணியின் உடையும் வெள்ளை. ஆட்டக்காரர் ஒருவர் இவரைத் தன் ஆள் என்று நினைத்துப் பந்தை இவர் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு ஓல்ட்ஸ் தனக்கென்று கறுப்பு வெள்ளை வரி போட்ட சட்டை ஒன்றைத் தைக்கச் சொன்னார். அது மற்ற ஆட்டங்களுக்கும் பரவியது. நடுவர் உடுப்பின் முதல் வேலை அழகு இல்லை, பந்து நம் கைக்கு வராமல் பார்த்துக்கொள்வது.

வரிச்சட்டை மேல் எனக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. ஒருமுறை இணையத்தில் வாங்கிப் போட்டுக் கண்ணாடி முன் நின்றேன். என் உடம்பு வளைகிற இடத்திலெல்லாம் வரியும் சேர்ந்து வளைந்தது. அது இப்போது என் மகளுக்கு ராத்திரிச் சட்டை.

இந்த ஆட்டத்தில் நான் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிற ஆள் என்பதையும் சொல்ல வேண்டும். 1891ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் கண்டுபிடித்த ஆட்டத்தை, கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்எம்சிஏ ஆட்கள் நான்கே வருடத்தில் சீனாவின் தியான்ஜினுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலேசியாவில் அது பெரும்பாலும் சீனப் பள்ளிகளின் முற்றத்திலும் சங்கங்களின் மைதானத்திலும் வளர்ந்த ஆட்டம். நான் நுழைந்ததே தற்செயல். பக்கத்து வீட்டுப் பையன்களோடு ஆடப் போய், ஆடத் தெரியாது என்று தெரிந்து, விசிலைக் கையில் கொடுத்து ஓரமாக நிறுத்தினார்கள். இங்கே சீனர்கள் பேசும் ஹொக்கியன் எனக்கு வெறும் மார்க்கெட் ஹொக்கியன். மாண்டரின் அதைவிட மோசம். ஆனால் சாம்பல் சட்டைக்குள் புகுந்து மைதானத்தில் இறங்கிவிட்டால் எனக்கு ஒரே பெயர்தான்: "சாய்பான்!" நடுவர் என்று அர்த்தம். ஐம்பது வயதுப் பயிற்சியாளர் இரண்டு கையையும் விரித்து, "சாய்பான், சாய்பான், அது ஃபவுலா?" என்று கெஞ்சுவார். ஆட்டம் முடிந்து சட்டையை மாற்றிக்கொண்டு எதிரே இருக்கும் கோப்பிக் கடைக்குப் போனால், அதே பயிற்சியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆனே, தே ஓ குடிக்கிறியா?" என்பார், பால் இல்லாத தேநீரைத்தான் சொல்கிறார். நம் அண்ணேதான் சீனர் வாயில் ஆனே ஆகிவிட்டது. நடுவில் நடந்தது சட்டை மாற்றம் மட்டும். எனக்கு இரண்டு பெயரும் பிடிக்கும். ஆனே என்றால் கணக்கை அவரே கட்டிவிடுவார்.

பெரிய தகராறு சட்டையில் வரவில்லை, மணிக்கட்டில் வந்தது. நடுவர் கையில் கடிகாரம், பட்டை, வளையல் எதுவும் இருக்கக் கூடாது. கை நீட்டும் சைகை சுத்தமாகத் தெரிய வேண்டும், யார் மேலும் கீறிவிடவும் கூடாது. அது சரிதான். ஒரு வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் முடியிறக்கிவிட்டு, அந்த வாரமே ஓர் ஆட்டத்துக்குப் போனேன். மொட்டைக்கு விதி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் மின்னியது, பையன்கள் சிரித்தார்கள், அதோடு போயிற்று. கையில் கட்டியிருந்த கயிறுதான் சிக்கல். மேலே உட்கார்ந்திருந்த பொறுப்பாளர் ஒருவர் அதைக் கழற்றச் சொன்னார். விரதத்துக்குக் கட்டிய கயிறு, இப்போது அவிழ்க்க முடியாது என்றேன். அவர் விதியைச் சொன்னார். நான் சாமியைச் சொன்னேன். கடைசியில் தோல் நிற டேப்பைச் சுற்றி மறைத்தேன். தோல் நிறம் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதே, அது யார் தோல் என்று எனக்கு இதுவரை தெரியாது. என் கறுத்த கையில் அந்த டேப் மண்டபத்தின் கடைசி வரிசைவரை தெரிந்தது. சிவப்புக் கயிறே தேவலாம் என்று சிஃபூ தலையில் அடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் புஜத்தில் கட்டிக்கொள்கிறேன், சட்டைக் கைக்குள் அடங்கிவிடுகிறது. தாயத்து அங்கேதானே கட்டுவார்கள், முருகனுக்கு ஆட்சேபம் இருக்காது.

நெற்றியில் விபூதியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. முதல் கால்பகுதி முடிவதற்குள் அது தானாகக் கரைந்துவிடும்.

எங்களோடு ஊதும் மலாய்ப் பெண் ஒருவருக்குச் சிக்கல் வேறு. தலையில் போடும் தூடோங், அதாவது முக்காடு, கறுப்பு, அதில் பேச்சே இல்லை. விசில் கயிறு தூடோங்குக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே போட்டால் அவசரத்துக்கு விசில் வெளியே வராது. வெளியே போட்டால் ஓடும்போது துணியை இழுக்கும். இரண்டையும் விட்டுவிட்டு விரலில் மாட்டும் விசிலுக்கு மாறிவிட்டார். இப்போது இவ்வளவு லேசாகப் பேசுகிறோம். 2014ல் இன்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கத்தார் பெண்கள் அணி, முக்காட்டைக் கழற்ற மறுத்து ஆடாமலேயே வெளியேறியது. அதே வருடம் வூஹானில் இந்திய அணியின் சீக்கிய ஆட்டக்காரர்கள் இரண்டு பேரைத் தலைப்பாகையை எடுத்துவிட்டு ஆட வைத்தார்கள். தலை உறைக்கு ஃபிபா கொடுத்த அனுமதி 2017 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் அன்றைக்குப் பேசிக்கொண்டிருந்தது கயிற்றைப் பற்றி மட்டும்தான் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

விசில் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை குறைவு. ஃபாக்ஸ் 40. கனடாவின் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் கூடைப்பந்து நடுவர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் விசில் ஊதியவர். பிறகு 1984ல் பிரேசிலில் ஓர் ஆட்டத்தில் விசிலுக்குள் இருக்கும் உருண்டை சிக்கிக்கொண்டு சத்தமே வரவில்லை. ஃபவுல் ஊதப்படாமல் போய்க் கூட்டம் கொந்தளித்துவிட்டது. அந்தக் கோபத்தில் அவர் உருண்டையே இல்லாத இந்த விசிலை உருவாக்கி 1987ல் வெளியிட்டார். உடுப்பில் எனக்கு ஒரு நம்பிக்கை என்றால் அதுதான்: ஆட்டத்தின் நடுவே ஒரு நடுவருக்கு ஏற்பட்ட மானக்கேட்டிலிருந்து பிறந்த பொருளை நம்பலாம். சிஃபூ மட்டும் தன் பழைய உருண்டை விசிலைப் பையில் வைத்திருக்கிறார். ஊதுவதில்லை. எப்போதாவது குலுக்கிப் பார்ப்பார்.

சப்பாத்துக் கதை சுருக்கம். நான் ஆரம்பித்தபோது முழுக் கறுப்பில் கூடைப்பந்துச் சப்பாத்து கிடைப்பது குதிரைக்கொம்பு. நம் பிள்ளைகள் அப்போது வெள்ளைச் சப்பாத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்த காலம். 2021லிருந்து பள்ளிச் சப்பாத்து கறுப்பு என்று கட்டாயமானது. அதை அறிவித்த மந்திரியை எல்லாரும் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. திடீரென்று கடை முழுக்கக் கறுப்பு. ஆசையில் ஒரு ஜோடிப் பள்ளிச் சப்பாத்தே வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். வழவழத்த தரையில் திரும்பினேன், சப்பாத்து திரும்பவில்லை. பதிவு மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். புள்ளி எழுதும் பெண் எழுந்து பார்த்து, "சாய்பான், டைம் அவுட்டா?" என்றாள்.

ஆக, சட்டையில் விட்டுக்கொடுத்தேன், கயிற்றை இடம் மாற்றினேன், சப்பாத்துக்குக் காசு செலவழித்தேன். சிலுவாரில் மட்டும் பிடிவாதம். எனக்கு முன்னால் மடிப்பு வேண்டும். இடுப்புக்குக் கீழே பக்கத்துக்கு இரண்டு மடிப்பு, அதிலிருந்து இஸ்திரிக் கோடு நேராகச் சப்பாத்துவரை. இளைஞர்கள் இதை அப்பா சிலுவார் என்கிறார்கள். அவர்களுக்கு மடிப்பில்லாமல் ஒட்டிப் பிடிக்கிற, இழுத்தால் நீளுகிற துணி. பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவர் நின்றுகொண்டே இருப்பவர் இல்லையே. தரையில் உருளும் பந்துக்காக இரண்டு பேர் கட்டிப் புரண்டால், யார் கை முதலில் பட்டது என்று பார்க்கக் குனிய வேண்டும், சில சமயம் குந்த வேண்டும். போன வருடம் குழுவில் ஓட்டெடுப்பு நடத்தி மடிப்பில்லாத சிலுவார் என்று முடிவு செய்துவிட்டார்கள். தோற்றது நானும் சிஃபூவும். சிஃபூ இப்போது ஊதுவதில்லை என்பதால் அவர் ஓட்டு செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடையில் வாங்கிய மடிப்பில்லாச் சிலுவார் எத்தனை ஆட்டம் தாங்கியது என்று சொல்ல மாட்டேன். பின்பக்கத் தையல் விட்டபோது கால்பகுதி முடிய நாற்பது விநாடி பாக்கி இருந்தது, உள்ளே கறுப்பு ஜட்டி இருந்தது, இரண்டுக்கும் நன்றி.

லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகப் போகும் தையல் கடைக்குத்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. மேசையெல்லாம் ஜிப்பாத் துணி, பாதி தைத்த பாஜு மெலாயு என்கிற மலாய் உடுப்பு, வாசலில் காத்திருக்கும் கூட்டம். பாய் மூக்குக் கண்ணாடியை இறக்கிக் கிழிந்த இடத்தை விரலால் விரித்துப் பார்த்தார்.

"தம்பி, இத போட்டுக்கிட்டு என்ன செஞ்சீங்க?"

"ரெஃப்ரி பாய். குனியணும், குந்தணும், ஓடணும்."

"அப்ப மடிப்பு வெச்சுத் தரேன்."

"மடிப்பு கூடாதுங்கிறாங்க."

"யாரு?"

"ஓட்டுப் போட்டாங்க பாய்."

சிலுவாருக்கு ஓட்டா என்று அவர் கேட்கவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துத் தொடையில் சுற்றினார், உட்காரச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார். பிறகு ஒரு துண்டுத் துணியைச் சாய்சதுரமாக வெட்டி மேசையில் வைத்தார். கால் இரண்டும் சேருகிற இடத்தில் இதை வைத்துத் தைத்துவிட்டால் எவ்வளவு விரித்தாலும் கிழியாது, வெளியே மடிப்பும் தெரியாது என்றார். சிலாட் என்கிற மலாய்த் தற்காப்புக் கலை ஆடுகிற பையன்களுக்கு இப்படித்தான் வைத்துக் கொடுப்பாராம். "எங்க, ஒரு தடவ குந்திக் காட்டுங்க, எவ்வளவு விரியுதுன்னு பாப்போம்."

அவ்வளவு பேர் நடுவில், கடைக் கண்ணாடி முன்னால் குந்தினேன். எழுந்து முஷ்டியை மடக்கிக் கையை மேலே தூக்கினேன், பழக்கதோஷம். ஜாக்கெட் துணியோடு நின்ற அக்கா ஒருத்தர் ஒதுங்கி வழிவிட்டார்.

"சரியா வரும்," என்றார் பாய். "கூலி நாப்பது வெள்ளி. வெள்ளிக்கிழமை வாங்க. பெல்ட் லூப் வைக்கவா, வேண்டாமா?"

விதியில் இல்லை. குழுவில் கேட்டேன். வேண்டும் என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர், வைத்துவிட்டுப் பெல்ட் போடாதே என்று ஒருவர். நான்காவதாக ஒரு கட்டைவிரல் வந்தது.

"என்னா தம்பி சொல்றாங்க?" என்றார் பாய், சுண்ணாம்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி.